காமிரா வாங்குமுன் கடைக்காரரை அறியுங்கள்!



கொடுக்கல் வாங்கலின் மார்க்கச் சட்டங்களை விளங்காதவர் நமது சந்தையில் விற்பனை செய்யலாகாது என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கட்டளையிட்டிருந்தார்கள். இச்செய்தி திர்மிதீ நூலில் பதிவாகியுள்ளது. விற்பவருக்கு முதல் மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். மார்க்க அறிவோடு, தாம் விற்கும் பொருளைப் பற்றிய அறிவும் ஒருவரிடம் சேருமானால் அவர் ஊருக்கே ஓர் அருட்கொடையாவார்.

நம் இல்லத்துப் பிள்ளைகள் சிலர் இன்று புகைப்படத் தொழிலில் இறங்க விரும்புகின்றனர். படம் எடுப்பது பற்றிய மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டறிந்து கொள்ளுங்கள். நாம் இங்கு பேச வந்தது கருவி வாங்கும் விதம் பற்றி மட்டுமே. வட்டிக் கடன் வேண்டாம் என்று உம்மா தம் வளையலைக் கழற்றித் தந்திருப்பார். அந்தப் பணத்தோடுதான் பிள்ளை கடைப்படி ஏறுகிறான். அவன் தவறான பொருளோடு திரும்பினால் நஷ்டம் அவனுக்கு மட்டுமன்று, அந்த வளையலுக்கும்தான்.

ஒரு கடையில் விலைப் பட்டியலை நீட்டுவார்கள். மற்றொரு கடையிலோ, “தம்பி, எந்த வேலைக்கு வேண்டும்? மண்டபத்திற்குள்ளா, வெளியிலா? உங்களிடம் ஏற்கெனவே என்ன லென்ஸ் இருக்கிறது?” என்று கேட்பார்கள். இரண்டாவது கடையிலேயே அமருங்கள். கேள்வி கேட்கும் வியாபாரியே தொழில் அறிந்த வியாபாரி.

அக்கேள்விகளின் பயனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். நிக்கான் நிறுவனம் 2018இல் வெளியிட்ட டி3500 காமிராவின் உள்ளே, லென்ஸை இயக்கும் மோட்டார் கிடையாது. தனக்கென்று மோட்டார் இல்லாத பழைய 50 மி.மீ. எஃப்1.8டி லென்ஸை அதில் பொருத்தினால் அழகாகப் பொருந்தும், படமும் விழும். ஆனால் குவியம் தானாக அமையாது, ஒவ்வொரு முறையும் கையால் திருக வேண்டும். நிக்காஹ் மஜ்லிஸில் கையெழுத்திடும் அந்த நொடி அதற்காகக் காத்திருக்குமா? மோட்டார் உள்ள 1.8ஜி லென்ஸை வாங்கியிருந்தால் இத்தொல்லையே இல்லை. வேறுபாடு ஓர் எழுத்துதான். அதனைச் சொல்லித் தர ஒருவர் வேண்டும்.

அதே 2018இல் கேனான், நிக்கான் இரு நிறுவனங்களும் கண்ணாடி இல்லாத புதுவகைக் காமிராக்களுக்கென லென்ஸ் பொருத்தும் வாயையே மாற்றிவிட்டன. பழைய லென்ஸ்களைப் புதியதில் பொருத்த இடையே ஓர் இணைப்பு வளையம் தேவை. எந்த லென்ஸ் அவ்வளையத்தோடு முழுமையாக இயங்கும், எது அரைகுறையாக இயங்கும் என்பது அனுபவசாலிக்கே தெரியும். திருமண வேலைக்கு இரண்டு மெமரி கார்டு போடும் வசதி வேண்டும் என்பதையும் அவரே நினைவூட்டுவார். ஒரு கார்டு பழுதாகிவிட்டது என்பதற்காக நிக்காஹை மறுபடியும் நடத்த இயலுமா?

பழைய காமிரா வாங்குவோர் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். நிக்கான் டி7500இன் ஷட்டர் 1,50,000 முறை இயங்கும் அளவுக்குச் சோதிக்கப்பட்டது. ஒரு திருமணத்திற்கு 2,000 படம் என்று கொண்டால் அது 75 திருமணங்களுக்கான கணக்கு. முன்பே 1,20,000 முறை இயங்கிய காமிராவில் மீதமிருப்பது 15 திருமணங்களே. அதற்கு மேலும் அது உழைக்கலாம், ஆனால் உறுதி கூற இயலாது. வெளித்தோற்றம் புதுப்பெண்போல் மின்னினாலும் இக்கணக்கைக் கேளுங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்வதுண்டு. டார்ச் விளக்கை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் நோக்கினால் சிலந்தி வலைபோல் அது தெரியும். நேர்மையான வியாபாரி நீங்கள் கேட்குமுன் தாமே டார்ச்சை எடுத்துக் காட்டுவார்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்து, அடியில் ஈரமிருக்கக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று அவ்வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. லென்ஸின் பூஞ்சையும் அந்த ஈரம் போன்றதே. நம்மில் வியாபாரம் செய்வோர் இதனை மறத்தலாகாது.

சபரில் இருக்கும் மச்சானோ மாமாவோ துபாயிலிருந்து காமிரா வாங்கி வருவதாகச் சொன்னால், மகிழுமுன் ஒன்றை விசாரியுங்கள். எல்லா உத்தரவாதமும் எல்லா நாட்டிலும் செல்லாது. அங்கு மிச்சம் பிடித்த தொகை, இங்கு ஒரே பழுதில் போய்விடலாம். உள்ளூரில் வாங்கினாலும் முறையான ரசீதைப் பெற்று, பெட்டியில் உள்ள எண்ணும் காமிராவில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இறுதியாக, வாங்குபவருக்கும் ஒரு கடமை உண்டு. அறிந்த வியாபாரியிடம் ஒரு மணி நேரம் விளக்கம் கேட்டுவிட்டு, சில நூறு ரூபாய் குறைகிறது என்று கைப்பேசியில் வேறிடத்தில் வாங்குவது அவருடைய உழைப்பைச் சுரண்டுவதாகும். அவர் கூறும் விலையில் அவருடைய அறிவின் கூலியும் அடங்கியுள்ளது. பேரம் பேசுங்கள், தவறில்லை. ஆனால் அவர் கடையை மூடிவிட்டால், நாளை உங்கள் தம்பிக்கு “இது உங்களுக்கு வேண்டாம், இதைவிட விலை குறைந்ததே போதும்” என்று சொல்ல யார் இருப்பார்கள்?

தமக்குக் கிடைக்கும் லாபத்தைக் குறைத்துக் கொண்டு அவ்வாறு சொல்லும் வியாபாரியைக் கண்டால் விட்டுவிடாதீர்கள். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை மறைக்காதிருந்தால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பது நபிமொழி தரும் நற்செய்தி. அந்தப் பரக்கத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.