ஒரு சிட்டிகை உப்பும் ஒரு ‘வேணா’வும்

வானூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகனுக்கு இரண்டரை வயது. காலையில் பாலில் நனைத்த பிஸ்கட், மதியம் அப்பளம் இருந்தால் நாலு வாய் ரசம் சாதம், ராத்திரி மறுபடியும் பால். கீரைக் கிண்ணத்தைக் கண்டாலே ‘வேணா’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறானாம். கைப்பேசியில் பார்த்துக் கேரட்டில் யானை செய்து தட்டில் வைத்திருக்கிறார். பையன் யானையோடு விளையாடினானே தவிர வாயில் வைக்கவில்லை. சுலபமாகச் செய்யக்கூடிய உணவு எதையாவது சொல்லுங்கள், பசி எடுக்க டானிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்காரருக்கு மரக்காணம் பக்கம் உப்பளத்தில் வேலை என்பதால் வீட்டில் உப்புக்கு மட்டும் குறைவில்லை என்று கடைசியில் ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் பிடித்துப்போயிற்று. அதற்கு வருகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 3 கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் சுமார் 9 கிலோவாகிவிடுகிறது. அடுத்த பன்னிரண்டு மாதத்தில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். முதல் வருடம் போலவே மறுபடியும் மூன்று மடங்காகியிருந்தால் இரண்டாவது பிறந்தநாளில் 27 கிலோ இருக்க வேண்டும், இடுப்பில் தூக்க ஆள் தேட வேண்டும். வளர்ச்சி மட்டுப்படும்போது பசியும் மட்டுப்படுகிறது. ‘போன வருஷம் நல்லாத்தானே சாப்பிட்டான்’ என்று வீடு வீடாகக் கேட்கும் புலம்பலில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்குக் காரணம், புதியதைக் கண்டால் பின்வாங்கும் குணம். இரண்டு வயதை ஒட்டித் தலைதூக்கி, ஐந்தாறு வயது வரை படுத்துகிறது. பிரிட்டனில் 8 முதல் 11 வயது வரையுள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டைக் குழந்தை ஜோடிகளை ஒப்பிட்டு 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. குழந்தைக்குக் குழந்தை இந்தக் குணம் வேறுபடுவதில் 78 சதவீதம் மரபணு வேறுபாட்டால் என்றது அது. வளர்ப்பைக் குறை சொல்லும் மாமியாரிடம் வாசகி இதைக் காட்டலாம். மரபு என்றதும் மாறவே மாறாது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, அது வேறு விஷயம். நடக்கத் தொடங்கிய குழந்தை அரளிக்காயையோ ஆமணக்கு விதையையோ வாயில் போட்டுக்கொள்ளாமல் காக்க இயற்கை செய்த ஏற்பாடு இது என்று ஒரு விளக்கம் உண்டு. கதை நன்றாகத்தான் இருக்கிறது. கதை நன்றாக இருப்பது சாட்சியாகிவிடாது.

இனி உப்பு. பிலடெல்பியாவில் மோனெல் ஆய்வு மையம் என்று ஒன்று இருக்கிறது. சுவையையும் மணத்தையும் ஆராய்வதற்கென்றே இருக்கும் இடம். அங்கே பால் பிரெஸ்லின், கேரி போஷாம்ப் என்ற இருவர் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார்கள். கசப்புக்கு யூரியா, இனிப்புக்குச் சர்க்கரை, கூடவே உப்புக்கரிப்பு குறைந்த ஒரு சோடியம் உப்பு. கசப்பும் இனிப்பும் கலந்த நீரில் சோடியத்தைச் சேர்த்தால் என்ன ஆகும்? உப்புக்கரிக்கும் என்றுதான் நாம் சொல்லுவோம். சுவைத்தவர்களுக்கோ இனித்தது. சர்க்கரையின் அளவு கூடவேயில்லை, இனிப்பு கூடியது. கசப்பும் இனிப்பும் ஒன்றையொன்று அமுக்கும் சுவைகள். சோடியம் கசப்பைக் கீழே தள்ளியது. அதுவரை அமுங்கிக் கிடந்த இனிப்பு மேலே வந்தது.

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஒரு சின்னப் பெண் பாட உட்கார்ந்திருக்கிறாள், அவள் இனிப்பு. நடுக்கூடத்தில் ஒரு பெரியப்பா, பத்திரிகையில் தன் பெயர் விட்டுப்போயிற்று என்று கத்திக்கொண்டிருக்கிறார், அவர் கசப்பு. நாம் வழக்கமாகச் செய்வது மேடையில் இன்னொரு ஒலிபெருக்கியைக் கட்டுவது, அதாவது சர்க்கரையை அள்ளிப் போடுவது. உப்பு ஒலிபெருக்கியைத் தொடுவதில்லை. மச்சான் முறையில் பெரியப்பாவின் தோளில் கைபோட்டுப் பந்திக்கு அழைத்துப்போய் இலைமுன் உட்கார வைத்துவிடுகிறது. அவர் மண்டபத்தில்தான் இருக்கிறார், வாயில் ஜாங்கிரி இருக்கிறது, அவ்வளவுதான். பாட்டு காதில் விழுகிறது. மச்சான் அளவாகப் பேச வேண்டும். அவரே குரலை உயர்த்தினால் மண்டபத்தில் இப்போது கத்துகிற ஆள் இரண்டு. எல்லாப் பெரியப்பாவும் பந்திக்கு மசிவார்கள் என்றும் இல்லை. கசப்பைப் பிடிக்க மனித நாக்கில் ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன, அத்தனை வாசலிலும் ஒவ்வொரு பெரியப்பா நிற்கிறார், சிலருக்கு ஜாங்கிரியே ஆகாது. (மண்டப வாடகை ஏறிக்கொண்டே போகிறது, இங்கே நிறுத்திவிடுகிறேன்.)

அப்படி மசியாதவர்களில் ஒருவர் மரக்காணத்துக்காரர். பெயர் மக்னீசியம் சல்ஃபேட். பிரெஸ்லினும் போஷாம்பும் 1995-இல் வேறு வேறு கசப்புகளைச் சோடியத்தோடு மோதவிட்டுப் பார்த்திருந்தார்கள். யூரியாவின் கசப்பு வெகுவாக அடங்கியது. மக்னீசியம் சல்ஃபேட்டின் கசப்பு அநேகமாக அசையவே இல்லை. உப்பளத்தில் பாத்தியில் உப்பு விளைந்த பிறகு மிஞ்சுகிற தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தால் கைக்கும். மக்னீசிய உப்புகள்தான் அது. நேரம் பார்த்து அந்தத் தண்ணீரை வடிக்காவிட்டால் உப்பிலும் கைப்பு ஏறும். வாரிக் குவித்த உப்பை அம்பாரமாகவே கொஞ்ச நாள் விட்டுவைத்தால், ஒட்டியிருக்கும் மக்னீசிய குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்து இறங்கிவிடும். ஒரே பாத்தியில் விளைந்த பங்காளிகள், ஒருவர் வாயை மற்றவரால் அடைக்க முடியவில்லை. இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட குதூகலத்தை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை.

பாகற்காயில் உப்புத் தடவிப் பிழிவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே உப்பு, காயிலிருந்து கசப்புச் சாற்றை வெளியே இழுக்கிறது. நான் சொல்வது நாக்கில் நடப்பது.

இவ்வளவு சொன்னபின் ‘கீரையில் உப்பைப் போடுங்கள், பையன் தின்பான்’ என்று முடித்துவிட ஆசையாகத்தான் இருக்கிறது. பிரான்ஸில் டிஜோன் நகரத்துக் குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஒரு சோதனை அந்த ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டது. 2014-இல் வெளியானது. குழந்தைகள் அதிகம் பார்த்திராத ஒரு கிழங்கின் மசியலைச் சில குழந்தைகளுக்கு வெறுமனேயும், சிலருக்கு உப்புச் சேர்த்தும், சிலருக்கு ஜாதிக்காய்ப் பொடி போட்டும், திரும்பத் திரும்ப எட்டு முறை கொடுத்தார்கள். கடைசியில் எல்லோருக்கும் வெறும் மசியலையே வைத்துப் பார்த்தபோது, எதுவும் சேர்க்காமல் தின்று பழகியவர்கள் மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை. பழகியதுதான் வேலை செய்தது. முதல் கரண்டியை உள்ளே அனுப்ப உப்பு உதவலாம். எட்டாவது கரண்டிக்கு அதன் தயவு வேண்டியதில்லை.

உப்புக்குக் கூலியும் உண்டு. பிறந்த குழந்தைக்கு உப்பு பிடிப்பதுமில்லை, பெரிதாக வெறுப்பதுமில்லை. நான்கு மாதத்தை ஒட்டித்தான் ஈடுபாடு தொடங்குகிறது. அதே மோனெல் மையம் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குள்ளேயே உப்புள்ள மாவுப் பண்டங்களைத் தின்று பழகிய குழந்தைகள் உப்புநீரை விரும்பிக் குடித்தன. பள்ளி சேரும் வயதை நெருங்கியபோது பண்டத்தின் மேலிருக்கும் உப்பை நக்கித் தின்னும் பழக்கமும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது. அப்பளம் இருந்தால்தான் நாலு வாய் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஒரு நாளைக்கு மொத்தம் 2 கிராம் உப்புக்கு மேல் போகாதீர்கள் என்கிறது பிரிட்டனின் அரசு மருத்துவத் துறை. ஒரு தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்குதான் அது. அப்பளம், ஊறுகாய், பிஸ்கட், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு உப்பே சேர்க்க வேண்டாம் என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் பொதுவான பேச்சு. உப்பளத்திலிருந்து நேரே வீட்டுக்கு வரும் கல்லுப்பில் அயோடின் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. சமையலுக்கு அயோடின் சேர்த்த பாக்கெட் உப்பையே வாங்குங்கள், உப்பளத்து வீடானாலும்.

சரித்திரம் இல்லாமல் அறிவியல் கட்டுரை எழுதக் கூடாது என்பது ஆசிரியர் உத்தரவு, ஆகையால் ஒரு பத்தி. கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1920-களில், தாய்ப்பால் மறந்த குழந்தைகள் முன்னால் முப்பத்துச் சொச்சம் எளிய உணவுகளை வைத்து, எதை வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள விட்டார். 1939-இல் அவர் தந்த தொகுப்பின்படி 15 குழந்தைகளும் நன்றாகவே வளர்ந்தன. கடலுப்பு தனிக் கிண்ணத்தில் இருந்தது. குழந்தைகள் எப்போதாவது அதை எடுத்து வாயில் போட்டு, புரையேறி, சில சமயம் அழுது, ஆனாலும் துப்பாமல், மறுபடி அதையே தேடிப்போனதாக எழுதுகிறார். ‘குழந்தைக்கு என்ன வேண்டுமென்று அதன் உடம்புக்குத் தெரியும்’ என்று இந்த ஆய்வைக் காட்டி இன்றும் சிலர் சொல்கிறார்கள். டேவிஸ் வைத்த தட்டுகளில் பிஸ்கட்டும் இல்லை, சர்க்கரையும் இல்லை. சூட்சுமம் அந்தப் பட்டியலில்தான் என்று அவரே சொல்லிவிட்டார்.

ஆக, பட்டியல் போடுவது அம்மா, அதிலிருந்து எடுப்பது பிள்ளை. வானூர்ப் பக்கம் பட்டியலுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வறுத்துத் தோலைத் தேய்த்தெடுத்துப் பொடித்துவைத்தால், சுடுசோற்றில் நெய்யோடு பிசைய ஒரு நிமிஷம் ஆகாது. முழுப் பருப்பை மட்டும் இந்த வயதில் கையில் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு உள்ளங்கை அளவு அடை தட்டலாம்; பிடித்துத் தின்னத் தோதாக இருக்கும். முருங்கை, கடுகுக்கும் முட்டைக்கோசுக்கும் தூரத்து உறவு, அந்தக் குடும்பத்துக்கே உரிய கந்தகச் சேர்மங்கள் அதிலும் உண்டு. அதனால் முதல் தடவை கீரை ஒரு கிள்ளு போதும். வதக்கிய கீரையை முட்டையோடு கிளறினாலும் சரிதான். பரங்கிக்காயும் பாசிப்பருப்பும் அரிசியும் ஒரே குக்கரில் குழைந்தால் அதற்குத் தனி இனிப்பு வேண்டாம். நெத்திலி பச்சையாகக் கிடைக்கிற நாளில் தலையையும் நடுமுள்ளையும் நீக்கிக் குழம்பிலிருந்து உதிர்த்துப் போடுங்கள், கருவாட்டை விட்டுவிடுங்கள். அங்கன்வாடியில் வாங்கும் சத்துமாவும் வீட்டில் இருக்கும். விளம்பரம் இல்லாததால் அதற்கு மதிப்பில்லை.

எதைச் செய்தாலும், அவனுக்குத் தெரிந்த உணவின் பக்கத்தில் தெரியாத உணவு ஒரு கரண்டி. அவ்வளவுதான் செய்முறை. லியான் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1982-இல் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார். ஐந்து தடவை ருசித்ததைவிடப் பத்து, பதினைந்து தடவை ருசித்தது அதிகம் பிடித்துப்போயிற்று. கண்ணால் பார்த்தால் போதாது, நாக்கில் பட வேண்டும் என்பதும் பின்னால் அவர் கண்டதுதான். கேரட் யானை தோற்றது அதனால்தான். நாக்கில் பட்டபின் துப்பினால் துப்பட்டும், அதுவும் ஒரு தடவை என்று கணக்கு. ‘கீரை தின்னா பிஸ்கட் தரேன்’ என்ற பேரம் மட்டும் வேண்டாம். பர்ச்சின் சோதனைகளில், கூலி கொடுத்து ஊட்டிய உணவின்மேல் பிள்ளைகளுக்கு இருந்த பிரியம் குறைந்தது. கூலி கொடுக்கிற அளவுக்கு மோசமான வேலை போலிருக்கிறது என்று குழந்தையும் நினைக்கும்தானே.

இதற்கெல்லாம் பொறுமையில்லாத இடத்தில்தான் டப்பாக்காரர்கள் வருகிறார்கள். இந்தியாவில் விற்கும் செரெலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாக 2.7 கிராம் சர்க்கரை சேர்க்கப்படுகிறது, அதே நெஸ்லே நிறுவனம் ஐரோப்பாவில் சர்க்கரை சேர்க்காமல் விற்கிறது என்று 2024 ஏப்ரலில் ‘பப்ளிக் ஐ’ என்ற சுவிஸ் அமைப்பு சொன்னது. ஐந்தாண்டுகளில் சர்க்கரையை 30 சதவீதம் வரை குறைத்துவிட்டோம் என்றது நிறுவனம். குறைத்ததற்குப் பின்னும் இவ்வளவா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. அதே மாதம் மத்திய வர்த்தக அமைச்சகம், இணையக் கடைகள் பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பின்கீழ் விற்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. தலைப்பு போயிற்று. டப்பா அப்படியே இருக்கிறது.

வாசகியின் கடிதத்தில் என்னை உண்மையில் உறுத்தியது கீரை அல்ல, பால். காலையிலும் ராத்திரியிலும் பாலால் வயிறு நிறைந்தால் மதியம் பசிக்காது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாலை ஒரு வேளையாகக் குறைத்து, அதையும் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்துப் பாருங்கள். அடையோடு இரண்டு துளி எலுமிச்சை போனால் கீரையிலுள்ள இரும்பு கூடுதலாக உடம்பில் ஏறும்.

டானிக் கேட்டிருந்தார். பசிக்கென்று கடையில் தரும் சிரப்புகள் பலவற்றில் இருப்பது சிப்ரோஹெப்டடின். அடிப்படையில் ஒவ்வாமைக்கான மருந்து. தூக்கம் வரும், பசியும் கூடும். நிறுத்தினால் பசி பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். மருத்துவர் எழுதித் தராமல் அதை வாங்க வேண்டாம். அங்கன்வாடி அட்டையில் எடைக்கோடு மேலே போய்க்கொண்டிருந்தால் மருந்துக்கே வேலையில்லை. கோடு படுத்துவிட்டாலோ, பிள்ளை வெளுத்திருந்தாலோ, மண்ணையும் சுவர்ச் சுண்ணாம்பையும் எடுத்துத் தின்றாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். போகும்போது அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், கடைசியாக எப்போது பூச்சி மாத்திரை கொடுத்தது என்பதையும் கேட்பார்கள்.