வராத விருந்தாளிகளின் கணக்கு

கல்யாண வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கண்டுபிடிப்பது சுலபம். இலைகளை எண்ணினால் போதும். ஆனால், அழைப்பு இருந்தும் வராமல் வீட்டிலேயே பட்டினி கிடந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால்? சமையற்காரர் என்ன, சம்பந்தியே விழிப்பார்! பிரிட்டிஷ் சர்க்காரோ பல ஆண்டுகளாக இந்த விசித்திரக் கணக்கைத்தான் போட்டு வருகிறது.

2003 அக்டோபரில் அங்கே 'பென்ஷன் கிரெடிட்' என்றொரு திட்டம் ஆரம்பமாயிற்று. ஓய்வு பெற்றவரின் வருமானம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், குறைகிற தொகையைச் சர்க்கார் இட்டு நிரப்பும். 2025-26-இல், தனியாக வாழ்பவருக்கு அந்த அளவு வாரம் 227 பவுனுக்குச் சற்று மேல். (உடனே சங்கிலியைத் தொட்டுப் பார்க்காதீர்கள், இது தங்கப் பவுன் அல்ல, அந்த ஊர் நாணயம்!) இதைப் பெறுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குழந்தைகளையும் குடும்பத்தையும் கவனிப்பதிலேயே காலம் போனவர்களுக்குச் சொந்தப் பென்ஷன் குறைவாகத்தானே இருக்கும்?

ஒரே நிபந்தனை: மனுப் போட வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

பணம் வாங்குபவர்கள் எத்தனை பேர் என்பது ஆபீஸ் பதிவேட்டில் இருக்கிறது. தகுதி இருந்தும் வாங்காதவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கும்? ஆகவே, நாடெங்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பொறுக்கியெடுத்து, வரவு என்ன, சேமிப்பு என்ன, வாடகை என்ன என்று விசாரிக்கிறார்கள். அதை வைத்து, தகுதியுள்ளவர்கள் நாட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று பார்த்தால் விகிதம் கிடைத்துவிடும்.

கணக்கில் பிசகு வராதா? வரும். கேட்டவுடனே சேமிப்பைச் சரியாகச் சொல்பவர்கள் எத்தனை பேர்? முதியோர் இல்லங்களில் இருப்பவர்களோ இந்த விசாரணைக்குள்ளேயே வருவதில்லை. அதனால்தான், 'இத்தனை பேர் வரை' என்று ஜாக்கிரதையாகச் சொல்கிறார்கள்.

தலையை எண்ணுவதோடு பணத்தையும் எண்ணுகிறார்கள். பத்துப் பேரில் நாலு பேர் வராவிட்டாலும், அந்த நாலு பேருக்கும் சேரவேண்டியது சொற்பமானால், பணத்தில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் 2019-20-ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். தகுதியுள்ள குடும்பங்களில் 66 சதவிகிதமே பணம் வாங்கின. எட்டரை லட்சம் குடும்பங்கள் வரை வாங்கவில்லை. கேட்பாரற்றுக் கிடந்த தொகை 170 கோடிப் பவுன் வரை! குடும்பத்துக்குச் சராசரி, வருஷத்துக்குச் சுமார் 1,900 பவுன். இது சொற்பமா, நீங்களே சொல்லுங்கள்.

வலிய வருகிற லட்சுமியை ஏன் வேண்டாமென்கிறார்கள்? சிலருக்கு விஷயமே தெரியாது. சிலருக்கு நீண்ட மனுவைக் கண்டால் மலைப்பு. இன்னும் சிலருக்கு மானப் பிரச்னை. இதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1834-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், உதவி கேட்ட ஏழைகளை 'வொர்க் ஹவுஸ்' என்னும் இல்லங்களில் அடைத்தார்கள். உள்ளே புருஷன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம்! 1948-இல் அந்த ஏழைச் சட்டம் ஒழிந்தது. அதன் நிழல் ஒழியவில்லை. 1965-இல் முதியோரை விசாரித்தபோது, லட்சக்கணக்கானோர் தகுதி இருந்தும் உதவி கேட்காதது வெளிப்பட்டது. மறு ஆண்டே உதவியின் பெயரை மாற்றி, 'இது உங்கள் உரிமை' என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அப்படியும் தயக்கம் முழுக்கத் தீரவில்லை.

கேட்காதவருக்கு நஷ்டம் ஒன்றோடு நிற்பதில்லை. 2024 குளிர்காலத்தில், கணப்புச் செலவுக்காக முதியோருக்குக் கொடுத்துவந்த 200 அல்லது 300 பவுனை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பென்ஷன் கிரெடிட் போன்ற உதவி பெறுவோருக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். மனுப் போடாத ஏழைக்கு அதுவும் போயிற்று, இதுவும் போயிற்று! கண்டனம் கிளம்பியது, 2025-இல், ஆண்டு வருமானம் 35,000 பவுன் வரை உள்ள முதியோருக்கெல்லாம் மீண்டும் உண்டு என்று சர்க்கார் இறங்கிவந்தது.

சட்டம் போட்டாயிற்று, பணமும் ஒதுக்கியாயிற்று என்பதோடு ஏழையின் குளிர் போய்விடுவதில்லை. மனுவை எளிதாக்க வேண்டும். கேட்பவரின் தலை குனியாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நமக்குத் தெரிந்த ஒரு பாட்டியின் அருகில் உட்கார்ந்து, "இது பிச்சையில்லை பாட்டி, உங்களுக்குச் சேரவேண்டியது" என்று சொல்லி மனுவை எழுதிக் கொடுக்க, எந்த நாட்டிலும் சர்க்கார் உத்தரவு தேவையில்லை அல்லவா?