மவுஸ் யார் கையில்?

பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடம் 2005-ல் தொடங்கியது. அங்கே வேலைபார்த்த சிலர் கிராமத்துப் பள்ளிகளின் கணினி அறைகளைப் போய்ப் பார்த்தார்கள். கணினி ஒன்று, அதைச் சுற்றி ஐந்து, ஆறு பிள்ளைகள், சில இடங்களில் அதற்கும் மேலே. மவுஸ் ஒரு பிள்ளையின் பிடியில். மற்றவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பதோடு சரி. கொஞ்ச நேரத்தில் பின்வரிசை ஜன்னல் பக்கம் திரும்பிவிடும்.

உதய் சிங் பவார், ஜோயோஜீத் பால், கென்டாரோ டோயாமா ஆகியோர் இதற்குக் கண்டுபிடித்த வழி, ‘அட, இவ்வளவுதானா’ என்று கேட்கவைக்கும். ஒரே கணினியில் பல மவுஸைச் செருகு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் கர்சர் கொடு. திரையில் சிவப்பு, நீலம், பச்சை என்று அம்புகள் ஓடும்; என்னுடையது எது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். புதுக் கணினி வாங்கும் பணத்தில் எத்தனை மவுஸ் வாங்கலாம் என்று யோசித்தால் போதும், யோசனையின் அருமை புரிந்துவிடும்.

பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. பாடம் ஏறியதா என்பதுதான் கேள்வி. 2007-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், வசதியற்ற குடும்பங்களைச் சேர்ந்த 238 கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொடுத்துச் சோதித்தார்கள். சிலருக்குத் தனித்தனிக் கணினி. சிலர் குழுவாக, ஒரே மவுஸோடு. மற்றவர்கள் ஐந்து பேர், ஐந்து மவுஸ். மொத்தத்தில், ஐந்து பேர் பகிர்ந்துகொண்ட கணினியிலும் ஒவ்வொரு பிள்ளையும் தனியாக உட்கார்ந்தவருக்குச் சமமாகக் கற்றிருந்தது. பட்ஜெட் போடுகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் விஷயம் இனிமேல்தான் இருக்கிறது.

பல மவுஸ் முறையையே இரண்டு விதமாக அமைத்திருந்தார்கள். முதலாவது பந்தயம்: ஐவரில் யாராவது ஒருவர் சரியான விடையைத் தொட்டால் போதும், திரை அடுத்த கேள்விக்குப் போய்விடும். இரண்டாவது வாக்களிப்பு: ஐவரும் சரியான விடையைத் தொட்டால்தான் நகரும். மென்பொருளில் ஒரு விதி மட்டுமே வேறு.

பந்தயத்தில் குழுவே ஆரவாரத்தில் மிதக்கும். கண் திரையை விட்டு அகலாது, விரல் ஓயாது. வெளியிலிருந்து பார்க்கும் அதிகாரி ‘என்ன ஈடுபாடு!’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போவார். ஆனால் பையன்கள் சொல்லைப் படிப்பதற்குள்ளேயே கண்ட இடத்தில் கிளிக் செய்தார்கள். கற்றதும் அதற்கேற்பக் குறைந்தது. வாக்களிப்பில் அதே வயதுப் பையன்கள் தேறினார்கள். பெண் பிள்ளைகளோ எந்த முறையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் கற்றார்கள். வாக்களிப்பிலும் பக்கத்து அம்பைப் பார்த்துக் காப்பியடிக்கலாம்தான். ஆனால் தெரிந்தவர் தெரியாதவருக்காக நின்றே ஆகவேண்டும். சொல் திரையில் கொஞ்ச நேரம் தங்கும்.

நேரம் போவதே தெரியாமல் ஒன்றில் மூழ்கிப்போகும் நிலையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி. தெளிவான இலக்கு, செய்தது சரியா என்று உடனுக்குடன் தெரிவது, திறமைக்கு ஈடான சவால் ஆகியவை அதற்கு வேண்டும் என்றார். பந்தயத்தில் இலக்கும் இருந்தது, உடனடிப் பதிலும் இருந்தது. பிள்ளைகள் மூழ்கத்தான் செய்தார்கள், திரையை நகர்த்துவதில். சொல்லில் அல்ல. வகுப்பில் ஈடுபாடு இருக்கிறதா என்று கேட்பவர்கள் எதில் என்று கேட்பதில்லை என்பதே என் குறை.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸூர் 1991 முதல் வேறொரு விதியைக் கையாள்கிறார். ஒரு கேள்வி, முதலில் ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடை தெரிவிக்க வேண்டும். பிறகு வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரிடம் ஓரிரு நிமிடம் வாதாட வேண்டும். அப்புறம் மறுபடி விடை. முன்பே தன் கட்சியைச் சொல்லிவிட்டதால் யாரும் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. இரண்டாம் சுற்றில் சரியான விடைகள் கூடுகின்றன. விடையைப் பதிவுசெய்ய கிளிக்கர் என்ற கையடக்கக் கருவி பிரபலமானது. கனடாவில் நத்தானியேல் லாஸ்ரி 2008-ல் கிளிக்கரையும் சாதாரண அட்டைகளையும் ஒப்பிட்டார்: மாணவர்கள் கற்றதில் வித்தியாசமே இல்லை. கருவி விற்பவர்களுக்கு இனிக்காத முடிவு.

இப்போது பள்ளிகளில் வினாடி வினாச் செயலிகளின் காலம். நார்வேயிலிருந்து 2013-ல் வந்த கஹூட்டில், சரியான விடையை எவ்வளவு சீக்கிரம் அழுத்துகிறோமோ அவ்வளவு புள்ளி. அதே பழைய பந்தயம். அதில் குழு முறையும் உண்டு; கேள்வி வந்ததும் விடை அழுத்தும் முன்பு கலந்து பேச நேரம் தருகிறார்கள். ஐந்து நொடி! பக்கத்தில் இருப்பவர் பெயரைக் கூப்பிட்டுத் திருப்பவே அது சரியாகிவிடும். ஆசிரியர் நினைத்தால் கேள்வியைத் திரையில் விடும் முன்பே வாயால் கேட்டு, மூன்று நிமிடம் சண்டைபோட விடலாம். அதற்குச் செயலியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.