தீக்குச்சியில் பாதி உயரம்! பொம்மை ரெயில் ஊரில் ஆசாமிகள் அடிக்கும் கூத்து

ரெயில் புறப்பட்டு விட்டது. பிளாட்பாரத்தில் ஒருவர் பெட்டியும் கையுமாக ஓடுகிறார். ஒரு கால் தரையில், மறு கால் அந்தரத்தில். ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே ரெயில் மறுபடியும் வருகிறது, போகிறது. மனிதர் அதே இடத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறார். முப்பது வருஷம் ஓடினாலும் அவருக்கு வண்டி கிடைக்காது!

காரணம், அவர் பிளாஸ்டிக் மனிதர். காலுக்கு அடியில் பசை!

ஜெர்மனியில் வீட்டுக்குள் தண்டவாளம் போட்டு ரெயில் ஓட்டுவது பிள்ளைகள் சமாசாரம் மட்டும் அல்ல. தலை நரைத்த பெரிய மனிதர்கள், மாடி அறையில் மலை, ஆறு, சுரங்கம், ஸ்டேஷன் எல்லாம் கட்டிவைத்து ராத்திரி கண் விழித்து ஓட்டுகிறார்கள். அதிகம் புழங்கும் அளவு "எச்.ஓ." அசலில் 87-ல் ஒரு பங்கு. 174 சென்டிமீட்டர் ஆள் இங்கே 2 சென்டிமீட்டர். தீக்குச்சியில் பாதி! 1972-ல் மெர்க்ளின் கம்பெனி கொண்டு வந்த "இசட்" அளவு இதைவிடப் பொடிசு. 220-ல் ஒரு பங்கு. அதில் ஒரு முழு மனிதர் பாசுமதி அரிசி நீளம்தான்.

ரெயில் என்னதான் தத்ரூபமாக இருந்தாலும், ஆள் இல்லாத ஊர் சுடுகாடு மாதிரிதானே இருக்கும்? ஆகவே ஆட்களும் விற்பனைக்கு வந்தார்கள்.

துணி இல்லாத பாக்கெட்

இதில் பெயர் போன கம்பெனி பிரைசர். ரோத்தன்பர்க் பக்கத்தில் ஸ்டைன்ஸ்ஃபெல்ட் என்ற கிராமம். 1949-ல் ஆரம்பித்த தொழில். ஸ்டேஷன் மாஸ்டர், போர்ட்டர், மூட்டை முடிச்சோடு காத்திருக்கும் பயணிகள்... இதெல்லாம் இருக்க வேண்டியதுதான். அதோடு நின்றார்களா? ஊர் என்றால் கல்யாணமும் உண்டு, சாவும் உண்டு. மாலையும் கழுத்துமாக அல்ல, கோட்டும் கவுனுமாக மணமக்கள் ஒரு பெட்டியில். சவப்பெட்டியோடு சவ ஊர்வலம் இன்னொரு பெட்டியில். புகைபோக்கி சுத்தம் செய்பவர், சர்க்கஸ் கூட்டம், சித்திரம் எழுதுகிறவர், அவர் எதிரே துணியில்லாமல் போஸ் கொடுக்கும் அம்மணி!

துணியில்லாமல் குளிக்கிறவர்களுக்குத் தனிப் பாக்கெட்டே உண்டு. அந்த நாட்டில் ஏரிக்கரையில் அப்படிக் குளிப்பது பழக்கம் என்பதால் யாரும் முகம் சுளிப்பதில்லை. போட்டிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? மரத்தடியில் ஒதுங்கி "அவசரம்" தீர்க்கும் ஆண்கள், கழிவறையில் குந்தியிருப்பவர், புல்தரையில் கட்டிப் புரளும் ஜோடி என்று இறக்கி விட்டார்கள்.

இதிலே ஒரு தொழில் ரகசியம். ஓடுகிற ஆளை வாங்கி வைத்தால் இரண்டு நாளில் பார்வைக்கு அலுத்துவிடும். நிற்கிறவர், உட்கார்ந்திருப்பவர், தூங்குகிறவர் என்றால் எத்தனை வருஷம் பார்த்தாலும் உறுத்தாது. விவரம் தெரிந்தவர்கள் ஓட்டக்காரரை வாங்குவதே இல்லை. பாவம் அவர்!

கண்ணுக்கு மை வைக்கும் கை

பொம்மையை வார்ப்பது மெஷின். வர்ணம் தீட்டுவது கை. மிளகு அளவு முகத்தில் தலைமுடிக்கு ஒரு நிறம், சட்டைக்கு ஒரு நிறம், டைக்கு ஒரு கோடு. கை கொஞ்சம் நடுங்கினாலும் ஸ்டேஷன் மாஸ்டருக்கு மூக்கு போய்விடும். வர்ணம் தீட்டிய பெட்டியில் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். வர்ணம் இல்லாத பெட்டியில் நூறு பேருக்கு மேல். தலைக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டால் பல மடங்கு வித்தியாசம். வாங்குகிறவர் காசு கொடுப்பது பிளாஸ்டிக்குக்கு அல்ல, அந்தத் தூரிகைக்கு. கையில் காசு குறைந்தவர்கள் வெள்ளை ஆட்களை வாங்கி வந்து, பூதக் கண்ணாடி வைத்துத் தாங்களே தீட்டிக்கொள்கிறார்கள்.

இந்த ஆட்கள் பெரும் ஜனத்தொகையாக வாழும் இடம் ஹாம்பர்க் துறைமுகத்துப் பழைய கிடங்கு ஒன்று. பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001-ல் திறந்த "மினியேச்சர் வுண்டர்லேண்ட்". உலகிலேயே பெரிய மாதிரி ரெயில் என்று கின்னஸில் ஏறியது. குடியிருப்போர் இரண்டரை லட்சத்துக்கும் மேல்! கால் மணி நேரத்துக்கு ஒரு முறை அங்கே இருட்டி, விளக்கு எரிந்து, விடிகிறது. ஜனங்கள் ரெயிலைப் பார்ப்பதைவிட, சூரியகாந்தித் தோட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் காதல் ஜோடியைத் தேடுவதில்தான் குறி!

வேடிக்கை என்று மட்டும் தள்ளிவிட முடியாது. பெர்லின் நகரம் சுவரால் பிளந்து கிடந்த கதையையும் இதே பொடி மனிதர்களை வைத்து அங்கே காட்டினார்கள். 2017-ல் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் எல்லைச் சுவர் கட்டப் போவதாகச் சொன்னபோது, தங்கள் அமெரிக்கப் பகுதியைச் சுற்றியே சுவர் எழுப்பி நையாண்டி செய்தார்கள்.

வீட்டையும் கண்காட்சியையும் விட்டு வீதிக்கும் வந்துவிட்டார்கள் இந்த ஆசாமிகள். லண்டனில் ஸ்லிங்காச்சு என்ற புனைபெயர்க்காரர், 2006 முதல் ரெயில் பொம்மை மனிதர்களை வெட்டி ஒட்டி, வர்ணம் மாற்றி, நிஜத் தெருவில் வைத்துப் படம் பிடிக்கிறார். ஒரு படத்தில் செத்துக் கிடக்கிறது ஒரு தேனீ. பக்கத்தில் துப்பாக்கியோடு அப்பா, அவர் அருகே சின்ன மகள். ஆனை மாதிரி தெரிகிறது தேனீ!

படம் எடுத்து முடிந்ததும் பொம்மைகளை அங்கேயே விட்டுவிட்டு நடையைக் கட்டிவிடுவார். மழை வரும். தெருப் பெருக்குகிறவர் வருவார். ஆபீசுக்கு ஓடும் பூட்ஸ் கால்கள் வரும்.