செயற்கைக்கோளுக்கு நஞ்சு குறைந்த எரிபொருள்

மட்டாஞ்சேரி நேயர்களே, உங்களுக்கு அருகே ஆலுவாவில் இஸ்ரோவின் ஆலை ஒன்று இருக்கிறது. ராக்கெட்டின் திட எரிபொருளுக்கு வேண்டிய அம்மோனியம் பெர்குளோரேட் அங்கே தயாராகிறது. அது ராக்கெட்டை மேலே ஏற்றுவதற்கு.

மேலே போன செயற்கைக்கோள் பாதை விலகாமல் இருக்கப் பல ஆண்டுகளாகப் பயன்படுவது ஹைட்ரசின். நம்பகமான திரவம், ஆனால் கடும் நஞ்சு. தோலில் பட்டாலும் ஆபத்து, ஆவியை முகர்ந்தாலும் ஆபத்து. அதை நிரப்புகிறவர்கள் தலை முதல் கால்வரை மூடிய உடைக்குள், தனியே தரப்படும் காற்றைச் சுவாசித்தபடி வேலை செய்கிறார்கள். அவர்களுக்காகவே மாற்று வர வேண்டும்.

வந்துகொண்டும் இருக்கிறது. ஹைட்ராக்சில் அம்மோனியம் நைட்ரேட், மெத்தனால், தண்ணீர் முதலியன சேர்ந்த கலவையை இஸ்ரோ உருவாக்கியுள்ளது. பெங்களூரின் பெல்லாட்ரிக்ஸ் நிறுவனம், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஆதரவுடன் செய்த, நஞ்சு குறைந்த எரிபொருளில் இயங்கும் 1 நியூட்டன் உந்துபொறி, 2024 ஜனவரி 1 அன்று பிஎஸ்எல்வி சி-58 ராக்கெட்டில் சென்று, விண்வெளியிலேயே இயங்கிக் காட்டியது. அருமையான சாதனை!

சிக்கலும் உண்டு. இத்தகைய கலவைகளுக்கு, அவற்றைச் சிதைக்கும் வினையூக்கியை முன்கூட்டியே நன்கு சூடேற்ற வேண்டும். எரியும் வெப்பமும் ஹைட்ரசினைவிட அதிகம். அதை நெடுநாள் தாங்கும் பொருள்களைத்தான் பொறியாளர்கள் இப்போது தேடிவருகிறார்கள்.