தேர்வு மேசையில் சாதி கேட்பதில்லை, அதற்கு முன்னால்?

கப்பலில் அதிகாரியாக வேண்டுமென்றால் பட்டம் மட்டும் போதாது. மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி நடக்கும் தகுதித் தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ‘சி.ஓ.சி.’ என்று கடல் வட்டாரத்தில் சொல்வது இதைத்தான். டெக் பிரிவில் செகண்ட் மேட், ஃபர்ஸ்ட் மேட், மாஸ்டர் என்று மூன்று படி. இன்ஜின் பிரிவில் கிளாஸ் 4-ல் தொடங்கி கிளாஸ் 1 வரை. மாஸ்டர் சான்றிதழோடு கப்பலை நடத்துபவரைத்தான் நாம் கேப்டன் என்கிறோம்.

துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், கப்பலில் துரு சுரண்டியவர்கள், உப்பளத்தில் வெந்தவர்கள் என்று கடலை ஒட்டியே உழைத்த தலித் குடும்பங்கள் நம் கரையோர மாவட்டங்களில் ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளைகள் இந்தப் படிகளில் ஏறுவதை எது தடுக்கிறது என்று பார்க்க, தேர்வு விதிகளையே கையில் எடுக்க வேண்டியிருக்கிறது.

தேர்வு வந்த கதை சுவையானது. பிரிட்டனில் ஒரு காலத்தில் முதலாளிக்குப் பிடித்தவர் கேப்டன். கப்பல்கள் தொடர்ந்து மூழ்கிய பிறகுதான், 1850-ல் சட்டம் போட்டு, வெளிநாடு செல்லும் கப்பல்களின் கேப்டனுக்கும் மேட்டுக்கும் தேர்வைக் கட்டாயமாக்கினார்கள். ஆனால் அந்தக் கப்பல்களில் ‘லஸ்கர்’ என்ற பெயரில் உழைத்த இந்தியர்களுக்கு அதிகாரிப் பதவி எட்டாக் கனி. அவர்களைச் சேர்த்தது சாரங்கு. சாரங்கு தன் ஊரையும் உறவையும் பார்த்தே ஆள் எடுத்தார். இந்தியர்களை அதிகாரிகளாக்கும் பயிற்சிக் கப்பலான ‘டஃப்ரின்’ மும்பையில் 1927-ல்தான் வந்தது.

இன்று விதிகளின் அடிப்படை 1978-ல் உருவான சர்வதேச ஒப்பந்தம். 1995-லும் 2010-லும் பெரிய அளவில் திருத்தப்பட்டது. மாணவர் பயணம் இப்படிப் போகும். பிளஸ் 2-க்குப் பின் ஓராண்டு டி.என்.எஸ். படிப்பு, பிறகு கேடட்டாகக் கப்பலில் 18 மாதம். மூன்றாண்டு நாட்டிகல் சயின்ஸ் பட்டம் படித்தால் 12 மாதம். நான்காண்டு மரைன் இன்ஜினீயரிங் படித்தவருக்கு 6 மாதம். இந்தக் கடல் நாட்கள் கணக்கில் ஏறினால்தான் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே முடியும்.

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம். அதனால் எஸ்.சி.க்கு 15, எஸ்.டி.க்கு 7.5 சதவீத இடம் உண்டு. இயற்பியல், வேதியியல், கணிதத்தில் 60 சதவீதம் என்ற தகுதியில் 5 சதவீதத் தளர்வும் உண்டு. ஆங்கிலத்தில் 50 சதவீதம் வேண்டும். அதில் தளர்வு இல்லை. ஆக, வகுப்பறை வரை சட்டம் கூடவே வருகிறது. கப்பல் ஏணியில் கால் வைக்கும்போது நின்றுவிடுகிறது. கேடட்டைக் கப்பலில் ஏற்றிக்கொள்வது பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள். அங்கே இடஒதுக்கீடு கிடையாது. டி.என்.எஸ். படிப்பில் சேரவே நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப் கடிதம் கேட்கிறார்கள். மாமா சீஃப் இன்ஜினீயராக இருக்கும் வீட்டில் அந்தக் கடிதத்துக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்பது தெரியும். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்? சாரங்கு போய்விட்டார், அவர் வழக்கம் போகவில்லை.

கடல் நாட்களை முடித்துக் கரைக்கு வந்தாலும் உடனே தேர்வு இல்லை. ரேடார், ரேடியோ, தீயணைப்பு, முதலுதவி என்று வரிசையாகப் பயிற்சிகள், அதன்மேல் செகண்ட் மேட் ஆயத்த வகுப்பு. இதற்கெல்லாம் சென்னை போன்ற ஊரில் சில மாதங்கள் தங்க வேண்டும். கப்பலை விட்டு இறங்கிய கேடட்டுக்கு அந்த மாதங்களில் சம்பளம் இல்லை. பையன் கப்பலுக்குப் போய்விட்டான் என்று வீட்டில் கடனை அடைக்கக் காத்திருக்கும் நேரம் அது.

தேர்வில் எழுத்து, வாய்மொழி, சிக்னல் என்று மூன்று பகுதி. எழுத்தில் கணக்குப் போடத் தெரிந்தவர் தப்பிவிடுவார். வாய்மொழித் தேர்வுதான் பலரை வியர்க்க வைக்கிறது. தேர்வாளர் மேசையில் பொம்மைக் கப்பலை வைத்து, வலப்பக்கம் ஒரு கப்பல் குறுக்கே வந்தால் என்ன செய்வாய் என்பார். வழிவிட வேண்டியது நாம்தான் என்பது தமிழ்வழியில் படித்த மாணவருக்கும் தெரியும். ஆனால் அதிகாரி முன் நிமிர்ந்து உட்கார்ந்து, தடுமாறாமல், ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கப்பலின் பொது மொழி ஆங்கிலம் என்பதால் இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ‘அதிகாரி முன் நிமிர்ந்து உட்காருவது’ எல்லாச் சாதிக்கும் ஒரே விலையில் கிடைத்ததில்லை. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மாதிரி வாய்மொழித் தேர்வு நடத்தினால் பாதிப் பயம் போகும். பணி ஓய்வு பெற்ற கேப்டன்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள், அழைத்தால் வருவார்கள்.

அரசு செய்ய வேண்டியது இரண்டு. கரையில் இருக்கும் மாதங்களின் பயிற்சிக் கட்டணத்தையும் தங்கும் செலவையும் உதவித்தொகையில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு எத்தனை எஸ்.சி., எஸ்.டி. மாணவருக்கு ஸ்பான்சர்ஷிப் தந்தது என்பதை வெளியிட வைக்க வேண்டும். ஒதுக்கீடு கேட்பது அடுத்த சண்டை. முதலில் எண்ணிக்கை தெரியட்டும்.

பலர் கவனிக்காத இன்னொரு கதவும் இருக்கிறது. பத்தாம் வகுப்போடு ஜி.பி. ரேட்டிங் படித்துச் சாதாரண மாலுமியாகச் சேர்ந்தவரும் மேலே வரலாம். சர்வதேச ஒப்பந்தம் கேடட் பயிற்சி இல்லாதவருக்கு 36 மாத டெக் அனுபவத்தை ஏற்கிறது. அதில் குறைந்தது 6 மாதம், தகுதி பெற்ற அதிகாரியின் மேற்பார்வையில் பிரிட்ஜில் காவல் பார்த்திருக்க வேண்டும். ரேட்டிங்காகப் போகும் நம் இளைஞர்கள் முதல் நாளிலிருந்தே தங்கள் கடல் நாட்களைச் சி.டி.சி. புத்தகத்தில் சரியாகப் பதியவைக்க வேண்டும். பின்னால் ஓடித் தேடுவது கடினம்.

பெற்றோருக்கு: கட்டணம் கட்டும் முன்பே, இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் பிள்ளையின் நிறப்பார்வையைச் சோதித்துவிடுங்கள். சிவப்பு, பச்சை விளக்கைப் பிரித்தறியாதவருக்கு டெக் வேலை இல்லை. படித்து முடித்த பிறகு தெரிந்தால் பணம் போனது போனதுதான். கப்பலில் ஏற்றிவிடுகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்பவரை நம்ப வேண்டாம். ஆள் சேர்க்கும் நிறுவனத்துக்கு இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவரும் வேலைக்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது. உரிமப் பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. சென்னை ராஜாஜி சாலையில் உள்ள வணிகக் கப்பல் துறை அலுவலகத்திலும் நேரில் போய் விசாரிக்கலாம்.