ஐந்து வீடுகள், 28 வயது... அம்ரிதா ஷேர்-கில்லின் தூரிகை மாறிய கதை!

ஹாஸ்டல், பி.ஜி, வாடகை வீடு, திடீர்னு வேற ஊருக்கு டிரான்ஸ்ஃபர்... இப்படி மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கிறவரா நீங்கள்? ‘உங்களுக்குச் சொந்த ஊர் எது?’ன்னு யாராவது கேட்டா, ஒரு நொடி யோசிச்சுட்டுத்தான் பதில் சொல்வீங்க, இல்லையா? அதே கேள்வியை வாழ்நாள் முழுக்கச் சுமந்த ஒருத்தரின் கதை இது. 2023 செப்டம்பரில் அவருடைய ‘கதைசொல்லி’ ஓவியம் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. ஏலத்தில் விற்ற இந்திய ஓவியங்களில் அன்றைய தேதிக்கு அதுதான் உச்ச விலை. அவர் பெயர், அம்ரிதா ஷேர்-கில்.

அம்ரிதா வரைந்தது பெரும்பாலும் மனிதர்களைத்தான். ஊர் மாற மாற, அந்த மனிதர்களை அவர் வரைந்த விதமும் மாறிக்கொண்டே வந்தது. அவர் குடியிருந்த ஊர்களை வரிசையாகப் பார்த்தாலே அந்த மாற்றம் புரிந்துவிடும்.

புடாபெஸ்ட்: பிறந்த ஊர்

1913 ஜனவரி 30. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார் அம்ரிதா. அப்பா உம்ராவ் சிங், பஞ்சாபின் சீக்கியப் பிரபு குடும்பத்தவர். சம்ஸ்கிருதம், பாரசீகம் படித்தவர், கேமராவும் கையுமாக இருந்தவர். அம்மா மரி அன்டோனெட், ஹங்கேரியின் ஓபரா பாடகி. முதல் உலகப்போர் காலத்தில் குடும்பம் ஹங்கேரியிலேயே தங்கிவிட, அம்ரிதாவின் முதல் எட்டு வருஷமும் அங்கேயே கழிந்தது.

சிம்லா: நாத்திகம் பேசிய சிறுமி

1921-ல் இந்தியா வந்து சிம்லாவில் குடியேறினார்கள். அங்கே கான்வென்ட் பள்ளியில், ‘எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை’ என்று சொன்னதற்காக வெளியேற்றப்பட்டவர் இவர். அதெல்லாம் சரி, ஓவியம்? அம்மாவின் சகோதரர் எர்வின் பக்தாய், இந்தியவியல் அறிஞர். மருமகளின் திறமையைப் பார்த்த இந்த மாமா, கற்பனையில் வரையாமல் கண்ணெதிரே இருக்கிற மனிதர்களைப் பார்த்து வரையச் சொன்னார். வீட்டில் வேலை செய்தவர்களே அம்ரிதாவின் முதல் மாடல்கள் ஆனார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸ்: 19 வயதில் வரைந்த ஓவியம்

1929-ல் மகளின் படிப்புக்காகக் குடும்பமே பாரிஸுக்குப் பெட்டி கட்டியது. அம்ரிதாவுக்கு அப்போது 16 வயது. புகழ்பெற்ற எகோல் தே போஸ்-ஆர் கல்லூரியில் லூசியன் சிமோனிடம் பயின்றார். தங்கை இந்திராவையும் ஒரு பிரெஞ்சுத் தோழியையும் வைத்து 1932-ல் வரைந்த ‘இளம் பெண்கள்’, அடுத்த வருடமே பாரிஸின் கிராண்ட் சலோனில் தங்கப் பதக்கமும் அசோசியேட் அங்கீகாரமும் வாங்கித் தந்தது.

ஒளி-நிழல், சதையின் மென்மை, துணியின் பளபளப்பு என எல்லாமே கச்சிதம். ஐரோப்பிய ஓவியத்தை அதன் இலக்கணத்தோடு கரைத்துக் குடித்தாச்சு. அங்கேயே செட்டிலாகி இருக்கலாம்தானே? ஆனால் 1934-ல் வரைந்த ஒரு தன்னுருவ ஓவியம் வேறு கதை சொல்கிறது. பிரெஞ்சு ஓவியர் கோகன், டஹிடி தீவுப் பெண்களை வரைந்து பேர் வாங்கியவர். அந்தப் பெண்களின் இடத்தில் தன்னையே நிற்கவைத்து வரைந்தார் அம்ரிதா. பின்னணியில் ஓர் ஆணின் நிழல். ‘என்னை நீங்க இப்படித்தானே பார்க்கறீங்க?’ என்று பாரிஸைப் பார்த்துக் கேட்பதுபோல இருக்கும்.

அவர் வண்ணங்களைப் பார்த்த பேராசிரியர், ‘உன் இடம் மேற்கின் சாம்பல் நிற ஸ்டுடியோ இல்லை, கிழக்கின் வெளிச்சம்தான்’ என்ற பொருளில் சொன்னதாக அம்ரிதாவே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த வருடக் கடைசியில் கப்பலேறினார்.

மறுபடி சிம்லா: கற்றதை மறப்பது

இங்கேதான் கதை சூடுபிடிக்கிறது. பாரிஸில் கற்ற ஒளி-நிழல் வித்தைகளை அம்ரிதா ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார். 1935-ல் வரைந்த ‘மலைப் பெண்கள்’, ‘மூன்று பெண்கள்’ ஓவியங்களை கூகுளில் தேடிப் பாருங்கள். நீள நீளமான உருவங்கள், எளிமையான கோடுகள், தாழ்ந்த பார்வை. யாரும் சிரிக்கவில்லை, யாரும் நம்மைப் பார்க்கவும் இல்லை. பெண்கள் கூட்டமாக இருக்கிறார்கள், ஆனாலும் ஒவ்வொருவரும் தனித்தனியாக இருக்கிறார்கள்.

அடுத்த திருப்பம், 1936 கடைசியில் தொடங்கிய பயணம். அஜந்தா, எல்லோராவைப் பார்த்துவிட்டுத் தெற்கே வந்தார். கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களைப் பார்த்துப் பார்த்துப் பிரதி எடுத்தார். கன்னியாகுமரி வரை போனார். சிம்லா திரும்பி, 1937-ல் தென்னிந்திய மனிதர்களை வைத்து மூன்று பெரிய ஓவியங்கள் வரைந்தார்: ‘மணப்பெண் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தினர்’. கறுத்த உடல், வெள்ளை வேட்டி, செம்மண் நிறம். நம்ம ஊர் நிறம் எதையும் வெளுக்கவைக்காமல் அப்படியே கேன்வாஸில் ஏறியது. அஜந்தாவிலும் மட்டாஞ்சேரியிலும் பார்த்ததை பாரிஸ் பாடத்தோடு சேர்த்துத் தனக்கென ஒரு மொழியை உருவாக்கியிருந்தார்.

விற்பனை? அதுதான் சோகம். மைசூர் மகாராஜா இவர் ஓவியங்களைப் பார்த்துவிட்டு, ரவி வர்மாவே போதும் என்று முடிவெடுத்தார். பளபள தேவதைகளுக்குப் பழகிய கண்களுக்கு, சிரிக்காத இந்தப் பெண்களைச் சுவரில் மாட்ட மனசு வரவில்லை.

சராயா: முற்றத்துக்குள் ஓர் உலகம்

1938-ல் ஹங்கேரிக்குப் போய், தன் உறவினரும் டாக்டருமான விக்டர் ஏகனைத் திருமணம் செய்துகொண்டார். 1939-ல் இருவரும் இந்தியா வந்து, கோரக்பூர் அருகே சராயாவில் குடும்ப எஸ்டேட்டில் தங்கினார்கள். கரும்பு ஆலை, கிராமம், நீண்ட மதியங்கள். சலிப்பும் தனிமையும் அவருடைய கடிதங்களில் தெரிகின்றன. ஆனால் அந்தச் சலிப்பே ஓவியமும் ஆனது. முகலாய, ராஜபுத்திரச் சிற்றோவியங்களின் பாதிப்பில் உருவங்கள் சிறியதாயின, வண்ணம் பளிச்சிட்டது. 1940-ல் வரைந்த ‘கயிற்றுக் கட்டிலில் பெண்’ ஓவியத்தில் சிவப்பு உடையில் ஒருத்தி படுத்திருக்கிறாள். அது ஓய்வா, வெளியே போக முடியாத வாழ்க்கையா? பார்க்கிற நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு நியாயமான கேள்வியும் உண்டு. வசதியான வீட்டுப் பெண், ஏழைகளின் சோகத்தை வரைந்து பேர் வாங்குவது சரியா? இந்த விமர்சனம் இன்றும் இருக்கிறது, அதை ஒதுக்கிவிடவும் முடியாது. ஆனால் சராயாவில் அவர் வரைந்த வீட்டுப் பெண்களின் அடைபட்ட மதியங்களில், அவருடைய சொந்த மதியங்களும் கலந்திருந்தன. அங்கே அவர் வெளியே நின்று வேடிக்கை பார்த்தவர் மட்டும் இல்லை.

லாகூர்: முடியாத ஓவியம்

1941 செப்டம்பரில் லாகூருக்குக் குடிபெயர்ந்தார்கள். டிசம்பரில் தனிக் கண்காட்சி என்று ஏற்பாடு. அதற்குச் சில நாள்கள் முன்பு திடீரென உடல்நிலை மோசமாகி, டிசம்பர் 5-ல் இறந்துபோனார். வயது 28. ஈசலில் இருந்தது, மாடியிலிருந்து பார்த்த எருமைகளும் வீடுகளும். வெறும் வண்ணப் பட்டைகளாக, அதுவரை அவர் போகாத ஒரு திசையில் அந்த ஓவியம் நகர்ந்துகொண்டிருந்தது.

ஆறே வருடங்களில் லாகூர் இன்னொரு நாட்டுக்குள் போய்விட்டது. அவருடைய ஓவியங்களில் பெரும்பகுதி இப்போது டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இருக்கிறது. தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டதால், இந்தியாவில் இருக்கும் அவரது ஓவியங்களை வெளிநாட்டுக்கு விற்கவும் முடியாது. வாழ்நாளெல்லாம் நாடு நாடாக அலைந்தவரின் ஓவியங்கள், இனி இங்கேயேதான் இருக்கும்.

அடுத்த முறை டெல்லி போனால் இந்தியா கேட் பக்கத்தில் இருக்கிற அந்தக் கலைக்கூடத்துக்கு ஒரு எட்டு போய் வாருங்கள். செல்ஃபி அப்புறம் எடுத்துக்கலாம். முதலில் அந்தத் தென்னிந்திய ஓவியங்கள் முன்னால் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். புடாபெஸ்ட்டில் பிறந்த ஒரு பெண், நம்ம ஆட்களை எவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார் என்பது தெரியும்.